கல்லாவுல உக்காந்தவன் சொல்றேன்: பக்கத்துத் தெரு ஹோட்டல் பத்தி உங்க கேள்விகள்

போன இதழ்ல "வீட்டுப் பக்கத்து ஹோட்டல் பத்தி ஏதாவது கேக்கணும்னா எழுதுங்க"ன்னு ஒரே ஒரு வரிதான் போட்டோம், வந்து குவிஞ்சிருக்கறதப் பாத்தா பாதிப் பேரு வீட்ல அடுப்பே பத்த வைக்கறதில்ல போல. பெரிய ஸ்டார் ஹோட்டல் கேள்வியெல்லாம் தனியா எடுத்து வச்சாச்சு, இந்த வாரம் சின்ன ஹோட்டல் மட்டும்தான். எங்க மாமா நடத்துன பன்னெண்டு டேபிள் ஹோட்டல்ல எட்டு வருஷம் கல்லாவுல உக்காந்து பில் போட்டவன் நான், அதனால பதில்ல கொஞ்சம் கல்லா வாசனை அடிக்கும், பொறுத்துக்கங்க.

வேலை கிடைச்சு புது ஊருக்கு வந்து ஒரு மாசம் ஆச்சு அண்ணே. தெருவுல ஏழெட்டு சின்ன ஹோட்டல் இருக்கு, எதை நம்பி உள்ள போறதுன்னே தெரியல. வெளில நின்னே கண்டுபிடிக்க வழி இருக்கா?

இருக்கு தம்பி. கூட்டத்தப் பாரு, ஆனா எந்த நேரத்துக் கூட்டம்னு பாரு. மதியம் ஒரு மணிக்கு எல்லா ஹோட்டல்லயும்தான் கூட்டம் நிக்கும், பசி வந்தா எவனும் எங்கயும் நுழைவான். ரெண்டே முக்காலுக்கு ஒரு நடை போ. அந்த நேரத்துல டெலிவரி பசங்க, ஷிஃப்ட் முடிஞ்ச நர்ஸுங்க, பக்கத்துக் கடைக்காரங்கன்னு நாலு டேபிள் ஓடுதுன்னா தைரியமா உள்ள போலாம். அதுலயும் பக்கத்துக் கடைக்காரன் முக்கியம், ஏன்னா காய்கறி எப்ப வந்து இறங்குது, நேத்து மீந்தது எங்க போகுது, பாத்திரம் எங்க கழுவறாங்கன்னு தினமும் கண்ணால பாக்கறவன் அவன்தான், அவனே அங்க சாப்பிடறான்னா வேற சர்டிஃபிகேட் எதுக்கு.

அடுத்தது மெனு கார்டு. பத்து டேபிள் ஹோட்டல்ல நூத்தம்பது ஐட்டம் எழுதியிருந்தா கொஞ்சம் யோசி. அத்தனையும் தினமும் புதுசா செய்ய அங்க ஆளும் கிடையாது அடுப்பும் கிடையாது, ஒண்ணு பாதி ஃப்ரீஸர்ல இருந்து வருது, இல்ல ஒரே மசாலாவுக்குப் பத்துப் பேரு வச்சிருக்காங்க. "அது தீந்துடுச்சு சார்"னு சர்வர் சொன்னா நம்ம ஆளுங்களுக்குக் கோவம் வருது, எனக்கு அப்பதான் நிம்மதி, தீருதுன்னா அளவா செய்யறாங்கன்னு அர்த்தம். ராத்திரி பதினோரு மணிக்கும் எல்லாமே இருக்கு சார்னு சொல்றவன்கிட்டதான் எனக்கு பயம்.

அப்புறம் துணி. சர்வர் பையன் தோள்ல ஒரு துணி கெடக்கும் பாரு, அதுலயே டேபிள், அதுலயே தட்டு, அதுலயே கைன்னு துடைச்சா எழுந்து வந்துடு. எங்க மாமா நீலத்துணி டேபிளுக்கு, வெள்ளைத்துணி தட்டுக்குன்னு வச்சிருந்தாரு. ஒருத்தன் மாத்தித் துடைச்சுட்டான்னா திட்ட மாட்டாரு, அந்தத் தட்ட எடுத்துட்டுப் போய் தானே கழுவிட்டு வந்து, ஈரம் சொட்டச் சொட்ட அவன் கையிலயே குடுப்பாரு. ஒரு பையன்கூட ரெண்டாவது தடவை மாத்தித் துடைச்சதில்ல.

ஆப்ல 4.6 ரேட்டிங் பாத்து ஒரு ஹோட்டலுக்குப் போனேன், சாப்பாடு சுமார். 3.9 இருக்கற எங்க தெருக் கடை அதவிட நல்லா இருக்கு. இந்த ஸ்டாரெல்லாம் நம்பலாமா?

ஸ்டாரை விட்டுட்டு எழுதியிருக்கறதப் படிங்க. "சூப்பர்", "வேஸ்ட்"னு ஒத்தை வார்த்தையில இருக்கறத எல்லாம் தள்ளிட்டு, ரெண்டு ஸ்டார் மூணு ஸ்டார் குடுத்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க, அவங்கதான் யோசிச்சு எழுதறவங்க. "சாப்பாடு நல்லா இருந்துச்சு, பார்க்கிங் இல்ல"ன்னு ஒருத்தர் மூணு ஸ்டார் போட்டிருப்பாரு, நடந்து போற உங்களுக்கு அது அஞ்சு ஸ்டார்தானே.

ஆனா ஒண்ணு, நீங்க எழுதற ஸ்டாருக்கு வெயிட் இருக்கு. 2011ல ஹார்வர்டுல மைக்கேல் லூகான்னு ஒருத்தர் சியாட்டில் நகரத்து ஹோட்டல்களோட வருமானத்தையும் யெல்ப்ங்கற ரிவ்யூ ஆப்ல அதுங்களுக்கு இருந்த ரேட்டிங்கையும் சேத்து வச்சுப் பாத்தாரு. ஒரு ஸ்டார் ஏறுனா வியாபாரம் 5லேருந்து 9 சதவீதம் ஏறுது, அதுவும் தனி ஆளு நடத்தற கடைக்கு மட்டும், செயின் ஹோட்டலுக்கு ஒண்ணும் ஆகல. செயின் கடையப் பத்தித்தான் ஏற்கனவே எல்லாருக்கும் தெரியுமே. அதனால உங்க தெருக் கடைக்கு நாலு வரி எழுதிப் போடுங்க, இவ்ளோ நாள் சாப்பிட்டிருக்கீங்க, இன்னும் எழுதலன்னா எப்படி.

எங்க ஏரியா ஹோட்டல்ல ஒரு வருஷத்துல ரெண்டு தடவை விலை ஏத்திட்டாரு, அளவும் குறைஞ்ச மாதிரி இருக்கு. அரிசி காய்கறி விலை எங்களுக்கும் தெரியும். கொள்ளை அடிக்கறாங்களா இல்லையா, நேரா சொல்லுங்க.

நேராவே சொல்றேன் சார், இதுக்குப் பதில் சொல்லத்தான் நான் இந்தப் பக்கத்தையே ஒத்துக்கிட்டேன். நீங்க அரிசி விலைய வச்சுக் கணக்குப் போடறீங்க, அது வீட்டுக் கணக்கு. இந்தத் தொழில்ல பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, பில்லுல நூறு வந்தா சரக்குக்கு முப்பதுலேருந்து முப்பத்தஞ்சுக்குள்ள நிக்கணும், சம்பளத்துக்கு இன்னொரு முப்பது. மிச்சத்துல வாடகை, கேஸ், கரண்ட், தண்ணி, உடைஞ்ச தட்டு, வராத மாஸ்டருக்குப் பதிலா வந்த மாஸ்டருக்குக் குடுத்த கூலின்னு எல்லாம் போயி கையில அஞ்சு நின்னா அந்த மாசம் நல்ல மாசம். மழை பேஞ்ச வாரத்துல அந்த அஞ்சும் நிக்காது, பாத்திருக்கேன், கல்லாவத் திறந்து மூடற சத்தம்கூட கேக்காத சாயங்காலம் எல்லாம் உண்டு.

இதுல ஆப் டெலிவரி வேற. சில ஆப்ல கமிஷன் 30 சதவீதம் வரைக்கும் போகுது, நூறு ரூபா ஆர்டர்ல முப்பது அங்கயே போச்சுன்னா மேல சொன்ன கணக்கு எங்க நிக்கும்னு நீங்களே போட்டுப் பாருங்க. அதனால முடிஞ்சா நேர்ல போங்க, பார்சல்னாலும் நடந்து போய் வாங்குங்க.

விலை குறைச்சலா குடுக்கறது தனி வித்தை சார். 1850கள்ல பாரிஸ்ல டுவால்னு ஒரு கறிக்கடைக்காரர், பணக்காரங்க நல்ல கறியா பாத்து எடுத்துட்டுப் போனப்புறம் மீதிய என்ன பண்றதுன்னு யோசிச்சு, அதக் கொதிக்க வச்சு சூப்பாக்கி மார்க்கெட்ல மூட்டை தூக்கறவங்களுக்கு மலிவா வித்தாரு. பிரெஞ்சுல "பூயோன்"னா அந்த சூப்புதான், அந்தப் பேர்லயே ஊர் முழுக்கக் கடை பெருகுச்சு. ரெஸ்டாரண்ட்ங்கற வார்த்தையே உடம்பத் தேத்தற சூப்புக்கு வச்ச பேருதான். எங்க மாமாவும் தினமும் கறிக்காரன்கிட்ட போய் "எது விக்கல?"ன்னுதான் முதல்ல கேப்பாரு. விலை ஏத்தாம அஞ்சு வருஷம் ஒருத்தர் ஓட்டறாருன்னா எங்கயோ ஒண்ண குறைக்கறாரு, அது எண்ணெயா இருந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கங்க. அளவ சத்தமில்லாம குறைக்கறது மட்டும் எனக்கும் பிடிக்காது, விலைய ஏத்திட்டு போர்டுல எழுதிட்டுப் போகலாம். அதக் கல்லாவுல தாராளமா கேளுங்க, கூட்டம் இல்லாத நேரத்துல.

ஆபீஸ்ல எட்டுப் பேரு சேந்து வெளிய சாப்பிடுவோம் அண்ணா, பில்ல சமமாப் பிரிப்பாங்க. நான் கொஞ்சமா சாப்பிடறவ, எனக்குத்தான் நஷ்டம். சொன்னா கஞ்சம்னு நினைப்பாங்க.

நீங்க மட்டும் இல்லம்மா, அந்த எட்டுப் பேர்ல ஆறு பேராவது உள்ளுக்குள்ள இதத்தான் நினைச்சுட்டு இருப்பாங்க. 2004ல வந்த ஒரு ஆராய்ச்சி, இஸ்ரேல்ல ஹைஃபாவுல பண்ணது, ஒருத்தருக்கொருத்தர் தெரியாத ஆறு ஆறு பேரா ஹோட்டல்ல உக்கார வச்சு, சில குரூப்ல அவங்கவங்க காசு, சில குரூப்ல சமமாப் பிரிப்புன்னு சொன்னாங்க. சமமாப் பிரிச்ச குரூப்புதான் அதிகமா ஆர்டர் பண்ணுச்சு, எப்படியும் பங்கு குடுக்கப் போறோம் நாமளும் ஒண்ணு சொல்லிக்குவோம்ங்கற எண்ணம்தான். எந்த முறை வேணும்னு முன்னாடியே கேட்டப்ப 80 சதவீதம் பேரு அவங்கவங்க காசுன்னுதான் சொன்னாங்க.

சூட்சுமம் அந்த "முன்னாடியே"லதான் இருக்கு. பில் வந்தப்புறம் பேசுனா கஞ்சம், உக்காந்த உடனே சர்வர்கிட்ட "தம்பி, தனித்தனி பில்லு"ன்னு சிரிச்சுட்டே சொன்னா அது வழக்கம். எங்க கல்லாவுல அப்படிக் கேட்டா முணுமுணுப்போம், உண்மைதான், ஆனா போட்டுக் குடுப்போம். எல்லாம் சாப்பிட்டு முடிச்சுட்டு எட்டாப் பிரின்னு வந்து நின்னாதான் எரிச்சல் வரும், பின்னாடி கையைக் கழுவிட்டு இருபது பேரு நிப்பான்.

தனியா ஹோட்டல்ல உக்காந்து சாப்பிடக் கூச்சமா இருக்கு. எல்லாரும் பாக்கற மாதிரியே இருக்கு. பார்சல் வாங்கிட்டு வந்துடறேன்.

யாரும் பாக்கல, அவங்கவங்க போனப் பாத்துட்டு இருக்காங்க. எட்வர்ட் ஹாப்பர்னு ஒரு அமெரிக்க ஓவியர், 1927ல ஒரு பொண்ணு தனியா காஃபி குடிக்கற மாதிரி வரைஞ்சிருக்காரு. காசு போட்டா கண்ணாடிக் கதவு திறந்து சாப்பாட்ட எடுத்துக்கற மாதிரி கடைங்க அமெரிக்காவுல 1902லேருந்து இருந்துச்சு, அந்த மாதிரி ஒரு கடைதான் படத்துல. எதிர்ல காலி சேர், ஒரு கையில க்ளவுஸ், இன்னொரு கையில கழட்டிட்டா. சோகப் படம்னு சொல்றாங்க, எனக்கென்னமோ அந்தப் பொண்ணு நிம்மதியா கப்ப சூடு ஆறாம குடிச்சுட்டு இருக்கற மாதிரிதான் தெரியுது.

கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு அரை மணி முன்னாடி போங்க, சுவர் ஓரமா சின்ன டேபிளாக் கேளுங்க. ஒத்த ஆளா வர்றவங்கள கல்லாவுக்கு ரொம்பப் பிடிக்கும், இருபது நிமிஷத்துல எழுந்துடுவாங்க. நாலு நாள் அதே நேரத்துக்குப் போனா அஞ்சாவது நாள் சர்வரே தண்ணி வச்சுட்டு "வழக்கமானதா?"ன்னு கேப்பாரு.

சின்ன ஹோட்டல்ல ஏன் இவ்ளோ சத்தம்? பேசவே முடியல.

ஒருத்தர் பேசறது கேக்கலன்னு பக்கத்து டேபிள் கத்தும், அது கத்துதுன்னு நீங்க கத்துவீங்க. 1911லயே லொம்பார்டுன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் இதக் கண்டுபிடிச்சு வச்சுட்டாரு. கூடவே டைல்ஸ் தரை, ஸ்டீல் டம்ளர், எதுவும் சத்தத்த உறிஞ்சாது. மூலை டேபிளப் புடிங்க.

சாப்பிட்டு மிஞ்சுன சோத்த பார்சல் கட்டிட்டு வந்து காலைல சூடு பண்ணி சாப்பிடலாமா? வீட்டுக்காரர் வேணாங்கறாரு.

வீட்டுக்கு வந்த உடனே ஃப்ரிட்ஜுல வச்சா சாப்பிடலாம், படம் பாத்துட்டு பார்சல பையிலயே வச்சுட்டுத் தூங்கிட்டா அவரு சொல்றதுதான் சரி. சமைச்ச சாப்பாடு வெளில ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல கிருமி மடமடன்னு பெருகும். சோத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி உண்டு, அதோட விதை கொதிச்சாலும் சாகாது, சோறு வெளிலயே கெடந்தா முளைச்சு விஷத்த விட்டுடும், அந்த விஷம் மறுபடி சூடு பண்ணுனாலும் போகாது. அதனால "நல்லா சூடு பண்ணிட்டேன்"ங்கறது இங்க செல்லாது. ஹோட்டல்ல டேபிளுக்கு வந்து நேரமாகி, அதுக்கப்புறம் பார்சல் கட்டியிருந்தா அந்த நேரத்தையும் சேத்துக்கங்க.

சாப்பாட்டுல ஏதாவது கெடந்தா எப்படிச் சொல்றது? சண்டை போட வரல, பேசாம எழுந்து வரவும் மனசு இல்ல.

பேசாம எழுந்து வர்றதுதான் கடைக்காரனுக்குப் பெரிய அடி, எதுக்குப் போனாங்கன்னே தெரியாது. ஒரு தடவை எனக்கு ஒரு சின்னக் கடை சூப்புல கம்பி நார் துண்டு ஒண்ணு வந்துச்சு, பாத்திரம் தேய்ப்பாங்களே அந்த நார், நாக்குல சுருக்குன்னு குத்துச்சு. சத்தம் போடல, சர்வரப் பக்கத்துல வரச் சொல்லி ஸ்பூன்ல எடுத்துக் காட்டி "இத உள்ள மாஸ்டர்கிட்ட காட்டிட்டு வா"ன்னேன். எடுத்ததத் தூக்கிப் போட்டுடாதீங்க, அப்படியே காட்டுங்க, மீதிய சாப்பிட்டு முடிச்சுட்டும் சொல்லாதீங்க. மாஸ்டர் கைய ஏப்ரன்ல துடைச்சுக்கிட்டே வெளில வந்தாரு, அந்தத் துண்ட வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு, மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லல, உள்ள போய் பாத்திரம் கழுவற அம்மாகிட்ட ஏதோ சொன்னாரு. பில்லுல சூப்பப் போடல. ரெண்டு வாரம் கழிச்சுப் போனப்ப கை கழுவற எடத்துலேருந்து எட்டிப் பாத்தேன், ஸிங்க் மேல பச்சைக் கலர்ல ஸ்பாஞ்சு நாலு காஞ்சுட்டு இருந்துச்சு, கம்பி நார் ஒண்ணுகூட இல்ல.