பினாங்கு தாவரவியல் தோட்டத்தில் காட்டுக் குரங்குகள் நடமாடுகின்றனவாமே, வயதான அம்மாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாகப் போகலாம். கையில் தின்பண்டம் மட்டும் இருக்கக்கூடாது. அந்த ஒரு விஷயத்தில்தான் நாங்கள் தவறினோம், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். போன வருடம் அம்மா, மனைவி, ஒண்ணாவது படிக்கும் மகள், நான் என்று நாலு பேர் போய் வந்தோம். அம்மாவுக்கு 71 வயது. பினாங்கு என்பது எங்கள் வீட்டில் ரொம்பப் பழைய பெயர். தாத்தா சென்னைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ராஜுலா கப்பல் இங்கிருந்து நாகப்பட்டினம் தொட்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த காலத்தில், கிளம்புகிற நாளன்று துறைமுக வாசல் முழுக்க மாலையும் அழுகையுமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அதைக் கேட்டு வளர்ந்தவர் அம்மா. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் விட்டபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும்.

தோட்டமும் அந்தத் தண்ணீர்மலைப் பக்கத்தில்தான் இருக்கிறது. மலையிலிருந்து விழும் அருவியை வைத்துத்தான் அங்குள்ள தமிழர்கள் அந்த இடத்தைத் தண்ணீர்மலை என்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் தோட்டத்துக்கு வைத்த பெயரும் அருவித் தோட்டம்தான். 1884 இல் தொடங்கியது. சார்லஸ் கர்ட்டிஸ் என்பவர் முதல் கண்காணிப்பாளராக இருந்து, கருங்கல் வெட்டிப் போட்டுக் கிடந்த பள்ளத்தாக்கைத் தோட்டமாக்கினார். மூன்று பக்கமும் காடு மூடிய மலை, நடுவில் புல்வெளி, ஓடை. வேலி போட்டுப் பிரித்த இடம் இல்லை. காடு முடிவதும் தோட்டம் தொடங்குவதும் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் குரங்குகள் அங்கே நுழைகின்றன என்று சொல்வதே சரியில்லை, அவை முன்பிருந்தே அங்கே இருப்பவை. நுழைவுக் கட்டணம் கிடையாது.

உள்ளே கொஞ்ச தூரம் போனதுமே அம்மா நின்றுவிட்டார். நாகலிங்க மரம். அடிமரத்திலிருந்தே தொங்கும் கொடிக்காம்புகளில் பூ, தரையெல்லாம் பூ, பீரங்கிக் குண்டு மாதிரி காய். அந்த மரத்தின் தாய்நாடு தென் அமெரிக்கா. நம் தூங்குமூஞ்சி மரமும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான், இங்கே அது குடை விரித்து நிற்கிற அழகே தனி. அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். "எங்கேர்ந்து வந்தா இன்னாடா, உள்ள லிங்கம் இருக்குதுல்ல" என்று ஒரு பூவை எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டார்.

இனி குரங்குக்கு வருகிறேன். அங்கே இருப்பது இரண்டு இனம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம். ஒன்று நீளவால் குரங்கு, மலாய்க்காரர்கள் கெரா என்கிறார்கள். நம்மூர் நாட்டுக் குரங்கின் நெருங்கிய சொந்தம். பழம், நண்டு, குப்பைத் தொட்டி எதையும் விடாது. வண்டி நிறுத்துமிடத்திலும் வாசல் கடைகள் பக்கத்திலும் கூட்டமாக உட்கார்ந்திருப்பது இதுதான். இன்னொன்று லோத்தோங். இது மந்தி வகை, இலை தின்பது, மரத்தை விட்டு அதிகம் இறங்காது. மனிதர்களைக் கண்டால் ஒதுங்கிப் போகும். நீங்கள் பயப்படுவது முதலாவதைப் பற்றி. பயணச் செலவு போட்டுப் போய்ப் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். விடிகாலையில் கோயில். 513 படி, அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிட்டார். அர்ச்சனை முடிந்து தேங்காயும் பழமும் மஞ்சள் பையில். தோட்டத்துக்கு எங்களை இறக்கிவிட்ட ஓட்டுநர் தமிழர், "அம்மா, பையை உள்ள கொண்டு போகாதீங்க, பிடுங்கிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். தேங்காயை என் முதுகுப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். பழத்தையும் அதில்தான் வைத்தோம் என்று நினைத்தேன். அம்மா இரண்டு பழத்தைத் தனியாக எடுத்துக் கையில் ஒளித்து வைத்திருந்தது தெரியாது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வருடா வருடம் கார்த்திகையில் சோளிங்கர் போகிறவர். நரசிம்மர் மலையின் 1305 படியிலும் குரங்குக் கூட்டம். நாங்கள் குச்சியோடு ஏறுவோம், அம்மா பொரியோடும் பழத்தோடும் ஏறுவார். ஆஞ்சநேயர் மலையில் குரங்குக்குப் போடுவதும் சாமிக்குப் படைப்பதும் அவருக்கு ஒன்றுதான். "வாயில்லா ஜீவன்டா" என்று அவர் சொன்னால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டோம். தண்ணீர்மலை முருகன் கொடுத்த பழத்தை எதிரே உட்கார்ந்திருக்கும் குரங்குக்குக் கொடுக்காமல் வருவதுதான் அவருக்குப் பாவம்.

ஓடைப் பாலத்துப் பக்கம் ஒரு கடுவன் உட்கார்ந்திருந்தது. அம்மா பழத்தை நீட்டினார். அது ஒன்றை வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு பதவிசாக. தோலை உரித்தது, பாதியைக் கடித்து மென்றது, மீதியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டது. கன்னம் பலூன் மாதிரி புடைத்தது. மகள் கைதட்டினாள். அந்தச் சந்தோஷம் மூன்று நிமிடம்கூட நிற்கவில்லை. பின்னாலிருந்து இன்னும் நாலைந்து வந்துவிட்டன. அம்மாவுக்குப் பயம் வந்து, மிச்சப் பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கடுவன் புருவத்தைத் தூக்கி, வாயைத் திறந்து, கண் கொட்டாமல் அவரையே பார்த்தது. நான் கிட்டே போவதற்குள் புடவையைப் பிடித்து ஏறி, ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பற்றி, இன்னொரு கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பழத்தை எடுத்துக்கொண்டது. அந்தக் கையை இப்போதும் மறக்க முடியவில்லை. நகம் உட்பட ஒரு சின்னக் குழந்தையின் கை மாதிரியே இருந்தது. மணிக்கட்டில் இரண்டு கோடு கீறல், மெல்லிசாக ரத்தம்.

கடி இல்லை, கீறல்தானே என்று விடவில்லை. விடவும் கூடாது. குழாயடியில் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினோம். அப்புறம் மருத்துவமனையில் காயத்தைக் காட்டி வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் முதல் தவணை. ஊர் திரும்பியதும் மீதித் தவணைகளைத் தேதி தவறாமல் ஸ்டான்லி மருத்துவமனையில் போட்டு முடித்தோம். மஞ்சள் தூள், சுண்ணாம்பு என்று யார் சொன்னாலும் காயத்தில் தடவாதீர்கள். பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு போங்கள், அந்த ஊர்ச் செலவு நம் பணத்தில் கணக்குப் பார்த்தால் கனமாகத்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. வலி அவருக்குப் பெரிதில்லை. "கொடுக்கத்தானே போனேன்" என்று ஒரு தரம் சொன்னார். நான் எனக்குத் தெரிந்ததை அவரிடம் மெதுவாகச் சொன்னேன். நாம் நீட்டும் ஒரு பழத்தோடு முடிவதில்லை அம்மா. மனிதன் கை என்றால் சாப்பாடு என்று அது படித்துக்கொள்கிறது, குட்டிக்கும் படித்துக் கொடுக்கிறது. நாளைக்குப் பை இல்லாமல் நடந்துபோகும் ஒரு குழந்தையின் கையையும் அது அப்படித்தான் பிரிக்கும். அப்புறம் புகார் போகும், கூண்டு வரும், பிடித்துக் கொல்வார்கள். இவ்வளவு கண்ணில் படுகிறதே என்று நினைக்கிறோம். ஆனால் நீளவால் குரங்கை 2022 இலேயே அழியும் அபாயத்தில் உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்துவிட்டது. மனிதர் இருக்கும் இடத்தில் கூட்டமாகக் கூடுவதால் நிறைய இருப்பதுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். தோட்டத்தில் உணவு கொடுக்கத் தடை என்று பலகை வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நாளைக்கு மறுபடி அங்கே போவோம்" என்றார். எனக்கு ஆச்சரியம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டோம். கையில் குடை, தண்ணீர் பாட்டில், வேறொன்றும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் நடைப்பயிற்சியில் இருந்தார்கள். நேற்று பார்த்த அதே இனக் குரங்குகள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. உணவு இல்லாத மனிதன் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதை அப்போதுதான் நேரில் புரிந்துகொண்டேன்.

லோத்தோங் கூட்டத்தை மகள்தான் முதலில் பார்த்தாள். இலை அசைந்த சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. சாம்பல் கறுப்பு உடம்பு, நீண்டு தொங்கும் வால், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அந்த வளையத்தால் எப்போதும் ஏதோ கேட்டு வியந்ததுபோல ஒரு முகம். ஒரு கிளையைக் கையால் வளைத்து, முற்றின இலையை விட்டுவிட்டுத் தளிரை மட்டும் வாயால் பறித்துத் தின்றுகொண்டிருந்தன. மாடு மாதிரி இவற்றுக்கும் பல அறைகள் உள்ள வயிறு; இலையை ஊற வைத்து, நுண்ணுயிர்கள் புளிக்க வைத்துத்தான் செரிக்க வேண்டும். இனிப்புப் பழமும் ரொட்டியும் அந்த வயிற்றுக்குள் போனால் வாயு பிடித்து ஊதிவிடும். கன்னப்பையும் கிடையாது. கொடுத்தால் கெடுதல்தான்.

அப்புறம் ஒரு தாய் திரும்பி உட்கார்ந்தது. அதன் வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி. படம் பார்த்திருந்தும் நான் தயாராக இல்லை. பழுத்த கமலாப்பழத் தோலின் நிறம், கறுப்புத் தாயின் மேல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறந்து சில மாதங்களில் இந்த நிறம் போய்ச் சாம்பலாகிவிடும். பக்கத்துக் கிளையில் இருந்த இன்னொரு பெண் குரங்கு கையை நீட்டியது. தாய் குட்டியைக் கொடுத்தது. சித்தி வாங்கி மடியில் போட்டுக்கொள்வதுபோல அது வாங்கிக்கொண்டது. இந்த வகையில் ஒன்றின் குட்டியை இன்னொன்று வைத்துக்கொள்வது வழக்கம்தான். அம்மா, கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்தபடி அண்ணாந்து நின்றார். "ஆயா, அதுக்குப் பசிக்காதா?" என்று மகள் கேட்டாள். "மரம் பூரா சோறு இருக்குதுடி கண்ணு" என்றார் அம்மா. அரை மணி நேரத்துக்கு மேல் அந்த மரத்தடியை விட்டு நாங்கள் நகரவில்லை.

இந்த இனமும் அழியும் அபாயத்தில்தான் இருக்கிறது. காட்டை ரோடு பிளந்துவிடுவதால் கடக்கும்போது வண்டியில் அடிபடுகிறது. இதற்காகவே வேலை செய்யும் லங்கூர் ப்ராஜெக்ட் பினாங்கு என்ற அமைப்பு, 2019 இல் தெலுக் பஹாங்கில் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கோத்து ரோட்டுக்கு மேலே ஒரு கயிற்றுப்பாலம் கட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பாருங்கள்.

மற்றபடி, குழந்தையைக் குரங்கின் எதிரே குனிந்து கண்ணோடு கண் பார்க்க விடாதீர்கள், அதற்கு அது சண்டைக்கு அழைப்பது. பிளாஸ்டிக் கவர் சலசலத்தாலே தின்பண்டம் என்று வந்துவிடும், வேண்டாம். ஏதாவது பிடித்து இழுத்தால் போராடாமல் விட்டுவிடுங்கள். ஓடாமல், முதுகு காட்டாமல் மெல்ல விலகுங்கள். கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள். மலேசியாவில் குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் ஒருவகை மலேரியா உண்டு. காட்டோரம் வேலை செய்பவர்களுக்குத்தான் அது அதிகம் வருகிறது என்றாலும், திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் அடித்தால் எங்கே போய்வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் அம்மாவும் தண்ணீர்மலை பார்க்க ஆசைப்படுவார் என்றால் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். நாங்கள் கோயிலை முதலில் வைத்தோம். நீங்கள் காலையில் தோட்டத்தை முடித்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு சாயங்காலம் மலை ஏறுங்கள். பழம் கையில் வருவதற்கு முன்பே குரங்குகளைப் பார்த்து முடித்திருப்பீர்கள்.