குமரி மாவட்டத்துக்குள் ஒரு கோடைப் பயணம்: கேள்வி பதில்

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு காரில் புறப்பட்டு, மாவட்டத்துக்குள்ளேயே உள்ள அரண்மனை, கோட்டை, குடைவரை, அருங்காட்சியகம் ஆகியவற்றைப் பார்த்து வர விரும்பும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (நாகர்கோவில்): வடசேரியிலிருந்து காலையில் புறப்பட்டு, பத்மநாபபுரம், உதயகிரி, சிதறால், மாத்தூர், திருவட்டாறு, வட்டக்கோட்டை, சுசீந்திரம், விவேகானந்தர் பாறை ஆகிய எட்டையும் ஒரே நாளில் முடித்துவிட முடியுமா?

முடியும், ஆனால் மாலையில் உங்கள் பிள்ளைகளுக்குக் கார் இருக்கையைத் தவிர வேறொன்றும் நினைவிருக்காது. இடங்களை எண்ணிக்கையாகப் பார்க்காமல், ஒரு நாளுக்கு ஒரு வரலாறு என்று பிரித்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். முதல் நாளுக்குத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போதே பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நுழைந்துவிடுங்கள். வெயில் ஏறியபின் புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டையின் மரநிழலுக்கு வாருங்கள். தக்கலையில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இரணியல் வழியாக மாலையில் குளச்சல் கடற்கரையிலுள்ள வெற்றித் தூணுக்குச் செல்லுங்கள். மூன்று இடங்களும் ஒரே கதையின் மூன்று அத்தியாயங்கள் என்பதால், பிள்ளைகளுக்குத் தனித்தனியாக எதையும் மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை.

கேள்வி (குலசேகரம்): அந்தக் கதையைச் சற்று விளக்கமாகச் சொல்லுங்கள். போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1741ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை குளச்சலில் இறங்கியது. மிளகு வணிகத்தைத் தன் பிடியில் வைத்துக்கொள்ளும் முயற்சியே அதற்குக் காரணம். திருவிதாங்கூர்ப் படை அதைத் தோற்கடித்தபோது சிறைப்பட்டவர்களுள் ஒருவர் யூஸ்டாச்சியஸ் டிலனாய். அவரைத் தண்டிப்பதை விடப் பயன்படுத்திக்கொள்வதே மேல் என்று மார்த்தாண்ட வர்மா முடிவு செய்தார். தோற்றவரே வென்றவரின் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’ (பெரிய கேப்டன்) என்ற பட்டத்தோடு தளபதியாக உயர்ந்து, உதயகிரியில் பீரங்கி வார்க்கும் பட்டறையையும் நடத்தினார். 1777இல் அங்கேயே இறந்தார். கோட்டைக்குள் இருக்கும் பாழடைந்த தேவாலயத்தில் அவருடைய கல்லறை உள்ளது. அதன் மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. பெரும்பாலானோர் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவில் மானையும் மயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கல்லறை வரை நடக்காவிட்டால் உதயகிரிக்குப் போனதற்குப் பொருளே இல்லை என்பது என் கருத்து.

கேள்வி (கோட்டாறு): புனித தேவசகாயத்துக்கும் டிலனாய்க்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளைக்குக் கிறிஸ்தவ சமயத்தை அறிமுகப்படுத்தியவர் டிலனாய்தான். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆன அவர், 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். தேவசகாயத்தின் கல்லறை உங்கள் ஊரிலேயே, சவேரியார் பேராலயத்தில் இருப்பதால், முதல் நாள் பயணத்தை நீங்கள் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம்.

கேள்வி (மார்த்தாண்டம்): பத்மநாபபுரம் என்றாலே என் பன்னிரண்டு வயது மகள் முகத்தைச் சுளிக்கிறாள். பள்ளியிலிருந்து இரண்டு முறை அழைத்துச் சென்றுவிட்டார்களாம்.

வரிசையாக நடத்திச் செல்லப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். இம்முறை அவளிடம் வேலை ஒன்றைக் கொடுங்கள். பூமுகம் எனப்படும் முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் தொண்ணூறு வகைப் பூக்கள் செதுக்கப்பட்டிருப்பதாகச் சொல்வார்கள். அவற்றுள் ஒன்றுபோல் இன்னொன்று இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்கு ஏறியதும், வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஏன் குளிர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். சாய்வான மரச் சட்டங்களையும் வண்ண மைக்காத் தகடுகளையும் அவளே கண்டு சொல்லிவிடுவாள். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு ஆகியவற்றைக் கலந்து மெருகேற்றியதாகச் சொல்லப்படும் கருந்தரையில் முகம் தெரிகிறதா என்றும் குனிந்து பார்க்கலாம். 1601 அளவில் தொடங்கி, மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் பெரிதாகிய கட்டடம் இது. பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்தையும் பின்னர் எழுந்த கல்லாலான நவராத்திரி மண்டபத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால், மரக் கட்டுமானமும் கல் கட்டுமானமும் எப்படி வேறுபடுகின்றன என்பது புத்தகம் இல்லாமலே விளங்கும். கடைசியில் இருக்கும் அருங்காட்சியகத்தைக் களைப்பில் விட்டுவிடாதீர்கள். கல்வெட்டுகளும் சிற்பங்களும் அங்கேதான் உள்ளன.

கேள்வி (தக்கலை): நம் மாவட்டத்துக்குள் இருக்கும் அரண்மனையைக் கேரள அரசு பராமரிப்பது ஏன்?

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தபோது நிலம் இங்கே வந்தது. அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றுவிட்டது. பயணம் போகிறவர்களுக்கு இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கன்னியாகுமரியில் காந்தி மண்டபச் சாலையிலுள்ள நம் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கிழமை பார்க்காமல் புறப்பட்டுவிட்டுப் பூட்டிய கதவின் முன் நின்று வருந்துகிற குடும்பங்களை ஒவ்வொரு மே மாதமும் காண முடிகிறது. மதிய இடைவேளையில் அரண்மனையில் நுழைவுச் சீட்டு கொடுக்கமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (கருங்கல்): சிதறால் மலையில் எழுபது வயதைக் கடந்த அம்மா ஏற முடியுமா? அங்கே அப்படி என்ன இருக்கிறது?

கல் பாவிய பாதை மெல்ல மெல்லத்தான் ஏறுகிறது; காலை எட்டு மணிக்குத் தொடங்கி, இடையிடையே உட்கார்ந்து சென்றால் முழங்கால் வலி இல்லாதவர்கள் ஏறிவிடலாம். உண்மையில் பத்மநாபபுரத்தின் செங்குத்தான மரப்படிகளே முதியோருக்கு அதிகத் தொல்லை தரும். சிதறாலுக்குப் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. இயற்கையான பாறைக் குகையின் முகத்தில் சமண சமயக் குருமார்களான தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பார்சுவநாதரை அவர் தலைக்கு மேல் விரிந்த நாகத்தைக் கொண்டு பிள்ளைகளே அடையாளம் காணலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் ஆட்சிக் காலத்தில், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி இங்குள்ள பட்டாரியார் என்ற தெய்வத்துக்குப் பொன்னணி அளித்த செய்தியை வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. குமரியின் வரலாறு அரசர்களையும் போர்களையும் மட்டும் கொண்டது என்று நினைப்பவர்களை நான் முதலில் இங்கேதான் அனுப்புவேன். பிற்காலத்தில் இது பகவதி கோயிலானது. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களிலும் சமண உருவங்கள் இருப்பதால், திரும்பும் வழியில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி (அருமனை): சிதறாலோடு வேறு எதைச் சேர்க்கலாம்?

திருநந்திக்கரைக் குடைவரையையும், மாலையில் மாத்தூர்த் தொட்டிப்பாலத்தையும் சேர்க்கலாம். சிவராத்திரியையொட்டிப் பன்னிரு சிவன் கோயில்களுக்கு ஓடிச் செல்லும் சிவாலய ஓட்டத்துக்குப் போனவர்களுக்குத் திருநந்திக்கரை தெரிந்திருக்கும். குடைவரைச் சுவரில் மங்கிய பழைய ஓவியங்களின் சுவடுகள் உள்ளன. மாத்தூர் பழங்காலச் சின்னம் அன்று. காமராசர் ஆட்சியில் திட்டமிடப்பட்டு 1966இல் கட்டி முடிக்கப்பட்டது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் பாசன நீரைக் கொண்டுபோகிறது. ஆயினும் நூறு ஆண்டு ஆனால்தான் வரலாறு என்ற விதியை நான் ஏற்பதில்லை. தலைசுற்றல் உள்ளவர்கள் கீழே ஆற்றங்கரையிலிருந்து தூண்களைப் பார்த்தாலே போதும்.

கேள்வி (அஞ்சுகிராமம்): கன்னியாகுமரிக்கு எப்போது செல்வது?

வார நாளில், அதுவும் காலை முதல் படகுக்கே வரிசையில் நில்லுங்கள். விவேகானந்தர் மண்டபத்துக்கும் 133 அடித் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பர் இறுதியில் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டதால், பாறையிலிருந்து நடந்தே சிலைக்குச் செல்லலாம். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள வட்டக்கோட்டையைப் பிற்பகலுக்கு வையுங்கள். அதைச் செப்பனிட்டதிலும் டிலனாயின் பங்கு உண்டு. சுசீந்திரம் கோயிலுக்கு மாலையில்தான், நடுப்பகலில் நடை அடைத்திருக்கும், ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும்.

கேள்வி (திங்கள்நகர்): வெயிலுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன ஏற்பாடு செய்வது?

ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் மூன்றுக்கு மேல் திடீரென்று கோடைமழை கொட்டும்; ஆகவே பாறை ஏறும் இடங்களையெல்லாம் முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் சிதறால் பாதை வழுக்கும். வழியில் நுங்கும் அக்கானியும் (பதநீர்) கிடைக்கும். ஒரு சீப்பு மட்டிப்பழத்தைக் காரில் வைத்துக்கொண்டால் சிறு பிள்ளைகளின் பசியைச் சமாளித்துவிடலாம்; தோலைக் கோட்டைச் சுவரோரம் எறியாமல் பையிலேயே போட்டுக் கொண்டுவந்துவிடுங்கள்.