வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பேருந்துத் தடத்தை மாற்றுவது என்றால் என்ன?

வண்டி போகும் பாதையையும் நேரத்தையும், மக்கள் வேலைக்குப் போகும் இடத்துக்கும் ஷிஃப்ட் நேரத்துக்கும் ஏற்றபடி திருத்துவதுதான் இது. இதில் பெரிய வேலை, வண்டி தெருத்தெருவாகச் சுற்றிப் போவதைக் குறைப்பது.

கல்யாணத்துக்கு வேன் பிடித்து ஒவ்வொரு சொந்தக்காரர் வாசலிலும் நின்று ஏற்றினால், முதலில் ஏறியவர் உட்கார்ந்தே களைத்துப்போவார், முகூர்த்தமும் தவறிவிடும். எல்லாரும் மெயின் ரோட்டுக்கு வந்து நின்றால் நேரத்தோடு போய்விடலாம். பேருந்தும் அப்படித்தான்.

ஒரு கணக்கு பாருங்கள். போய்த் திரும்ப 90 நிமிடம் ஆகும் தடத்தில் 6 வண்டி ஓடினால் 15 நிமிடத்துக்கு ஒன்று வரும். சுற்றிப் போவதைக் குறைத்து அதை 60 நிமிடமாக்கினால் அதே 6 வண்டி 10 நிமிடத்துக்கு ஒன்றாக வரும், புதிதாக ஒரு வண்டிகூட வாங்க வேண்டாம். சரி, உள்தெருவில் இருக்கும் வயதானவர்கள்? அவர்களுக்குச் சிற்றுந்து விட்டே ஆக வேண்டும், அந்த ஏற்பாடு இல்லாமல் செய்யும் மாற்றம் எனக்கு ஒப்பவில்லை.

தென்கொரியாவின் சியோலில் 2004 ஜூலையில் மொத்தத் தடங்களையும் இப்படி மாற்றினார்கள். நீல வண்டி பெரிய சாலைகளில் தூரம் ஓடும், பச்சை வண்டி உள்பகுதிகளிலிருந்து மெட்ரோவுக்கும் நீல வண்டிக்கும் கொண்டுவந்து விடும். மாறி ஏறினாலும் மொத்தம் போன தூரத்துக்குத்தான் கட்டணம். ஆரம்ப நாட்களில் ஒரே குழப்பம், அப்புறம் பழகிவிட்டது.

மாறாமல் ஒரே வண்டியில் போவதுதான் சீக்கிரம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் எப்போதும் அப்படி இல்லை. முக்கால் மணிக்கு ஒருமுறை வரும் நேர் வண்டிக்கு நிற்பதைவிட, அடிக்கடி வரும் இரண்டு வண்டிகளில் மாறிப் போகிறவர் பல சமயங்களில் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுவார்.