கொப்பரை வெக்க பழைய கண்டெய்னர் வாங்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் தோப்புங்க. 20 அடி பழைய கண்டெய்னர் ஒண்ணு கோயம்புத்தூர்ல இருந்து கொண்டாந்து இறக்கித் தர்றேன்னு புரோக்கர் சொல்றார், ஒரு சொட்டு மழை உள்ள போகாதாம். கொப்பரை கெடாம இருக்குமா?

பதில்: மழை போகாதுங்க, நெசந்தான். ஆனா உள்ள இருக்கற ஈரமும் வெளிய போகாது, அதை அவர் சொல்ல மாட்டார். பகல்ல தகரம் கொதிச்சு கொப்பரைல மிச்சமிருக்கற ஈரம் ஆவியா மேல போகும், ராத்திரி பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல கூரை ஜில்லுனு ஆனதும் அதே ஆவி சொட்டு சொட்டா கொப்பரை மேலயே விழும். காலைல கதவைத் திறந்தா கூரை மடிப்புல வரிசையா துளி தொங்கும் பாருங்க, பூசணம் அங்க இருந்துதான் வரும். பக்கவாட்டுல ஒரு சின்ன மூடியக் காட்டி வெண்டிலேஷன்னு சொல்லுவாங்க, அது பத்தவே பத்தாது. கப்பல்காரங்க கொப்பரைய தானா சூடேறி தீப்பிடிக்கற சரக்குன்னு ஆபத்தான சரக்குப் பட்டியல்ல 4.2 வகுப்புல, யூஎன் 1363னு நம்பர் போட்டு வெச்சிருக்காங்க, சும்மா இல்ல. ஈரம் 6 சதவீதத்துக்குக் கீழ வராம, களத்துச் சூடு ஆறாம ஏத்தாதீங்க. பலகை போட்டு, சுவத்துல இருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்க. மேல தென்னங்கீத்துல ஒரு கொட்டாய் போட்டா வெயில் நேரா தகரத்துல படாது, கீத்து உங்க தோப்புலயே கெடக்குது. தரை பிளைவுட்டுங்க, பூச்சி மருந்து ஏத்தினது, கதவுத் தகட்டுலயே என்ன மருந்துன்னு போட்டிருக்கும், அதனால வெறுந்தரைல கொட்ட வேண்டாம்.

இதைவிட எனக்கு பயம் பேப்பர்தான். வெளிநாட்டு பாக்ஸ், அதான் கண்டெய்னர், எல்லாம் 6 மாசத்துல திரும்பப் போயிடும்னு பாண்ட் எழுதி, கஸ்டம்ஸ் வரி கட்டாம உள்ள வருது, இங்கயே விக்கணும்னா வரி கட்டி பில் ஆஃப் என்ட்ரி, அதாவது கஸ்டம்ஸ் இறக்குமதிப் பேப்பர், போட்டிருக்கணும், அதுல உங்க பாக்ஸ் நம்பர், 4 எழுத்து 7 இலக்கம், அப்படியே இருக்கணும். புது பெயிண்ட்ல நம்பர் மறைஞ்சிருந்தா உஷார், உள்பக்கமும் எழுதியிருக்கும், ஒத்துப் பாருங்க. தகடு துருப்பிடிச்சு விழுந்துடுச்சுன்னு சொல்லி எனக்கே ஒருத்தர் ஒண்ணைத் தள்ளிவிட்டார், எட்டு மாசம் அலைஞ்சேன், இந்த ஆபீஸ்ல போனா அந்த ஆபீஸ்ங்கறான், அங்க போனா சாருக்கு லீவு. வழியில வாளையார் எல்லைல செக்போஸ்ட் எடுத்தாச்சுன்னு பேரு, 50,000 ரூபாய்க்கு மேல சரக்குக்கு இ-வே பில், அதான் சரக்கு ஏத்திட்டுப் போக ஜிஎஸ்டில எடுக்கற சீட்டு, இல்லாம வந்து பாருங்க தெரியும்.

ஓடாத ரீஃபர் பாக்ஸ், அதாவது மெஷின் ஓடாத பழைய குளிர்பதனக் கண்டெய்னர்னா கூரை இப்படி வேர்க்காதேன்னு சிலர் கேப்பீங்க. சுவத்துல ஃபோம் இருக்கறதால கூரை அவ்வளவு ஜில்லுனு ஆகாது, சரி. ஆனா கதவு ரப்பர் இன்னும் இறுக்கம், தரையும் வரி வரியா அலுமினியம், சாக்குல கொட்டற தூசி அந்த இடுக்குல போய் உக்காந்துக்கும், தண்ணி வடியற ஓட்டை வழியா எலி வரும். நல்லா காஞ்ச சரக்கு, அதுவும் மூட்டை கட்டினது, அடிக்கடி திறந்து மூடறவங்கன்னா மட்டும் வாங்கலாம், இல்லைன்னா விட்ருங்க.

காசு கொடுக்கறதுக்கு முன்னாடி உச்சி வெயில்ல உள்ள போய் கதவைச் சாத்தச் சொல்லுங்க. இருட்டுல எங்க வெளிச்சப் புள்ளி தெரியுதோ அங்கதான் ஓட்டை. வெளிய உங்காளு ஒருத்தர் நிக்கட்டும், புரோக்கர் இல்ல, அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாதுங்க.