பல்கலைக்கழக ஸ்டார்ட்அப்பில் இன்டர்ன்ஷிப்: ஆய்வு மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கைடே ஒரு கம்பெனி தொடங்கியிருக்கிறார். ஆறு மாதம் அதில் இன்டர்னாக வரச் சொல்கிறார். மறுத்தால் தீசிஸ் பாதிக்குமோ என்று பயம், சேர்ந்தால் எங்கே போய் முடியுமோ என்றும் பயம். என்ன செய்யலாம்?

பதில்: சேரலாம். ஆனால் ஒரே ஆள் உங்கள் தீசிஸையும் மதிப்பிட்டு, கம்பெனி வேலையையும் வாங்கும் நிலை இருக்கவே கூடாது. சொந்தக் கம்பெனி வைத்திருக்கும் பேராசிரியர் அதைப் பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பெரும்பாலான இடங்களில் உண்டு. அவர் அதைச் செய்துவிட்டாரா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். உரிமையோடு கேட்கக்கூடிய கேள்விதான், சங்கடப்பட வேண்டாம்.

பிறகு ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: தொடங்கும் தேதி, முடியும் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன வேலை, கம்பெனியில் உங்களுக்கு அன்றாடம் பொறுப்பாளர் யார். அந்தப் பொறுப்பாளர் உங்கள் கைடாக இல்லாமல் வேறொருவராக இருக்கட்டும். டாக்டரல் கமிட்டியில் அந்தக் கம்பெனியில் பங்கு இல்லாத ஓர் உறுப்பினர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்களோடு தனியாகப் பேசவும் ஏற்பாடு வேண்டும்.

லேப் நோட்டு இரண்டு, ஃபோல்டர் இரண்டு, மின்னஞ்சல் முகவரி இரண்டு: ஒன்று தீசிஸுக்கு, மற்றது கம்பெனிக்கு. "ராத்திரி சும்மாதானே இருக்கிறது, நாலு சாம்பிளை லேப் மெஷினில் ஓட்டிவிடு" என்ற பேச்சில்தான் பல தகராறுகள் தொடங்குகின்றன. மெஷினும் ரசாயனமும் ஆராய்ச்சி நிதியில் வாங்கியவை. அவற்றைக் கொண்டு வந்த முடிவு யாருக்குச் சொந்தம் என்று பின்னாளில் முதலீட்டாளரின் வக்கீல் கேட்பார். கம்பெனி மணிக்கணக்கில் கட்டணம் கட்டி மெஷினைப் பயன்படுத்த ஓர் ஒப்பந்தம் போட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

மறுப்பதானால் அதையும் எழுத்தில், காரணத்தோடு மறுத்துவிடுங்கள்: "இந்த ஆறு மாதத்தில் மூன்றாம் அத்தியாயத்தின் சோதனைகளை முடிக்க வேண்டியிருக்கிறது" என்பது போதும்.

கேள்வி: நான் வேதியியல் ஆய்வு மாணவி. 12 வார இன்டர்ன்ஷிப்பில் "மார்க்கெட்டைப் பார்த்துச் சொல்" என்கிறார்கள். எனக்கு அதில் என்ன தெரியும்?

பதில்: ஆராய்ச்சிக் கேள்வியை எழுப்பி, ஆதாரம் திரட்டி, தன் ஊகம் தவறென்றால் ஒப்புக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. இந்த வேலைக்கு வேண்டியது அதுதான். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-இல் தொடங்கிய, ஆராய்ச்சியைத் தொழிலாக்கப் பயிற்சி தரும் ஐ-கோர் திட்டத்தில், தொழில்முனைவுப் பொறுப்பைப் பெரும்பாலும் ஆய்வு மாணவரோ முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளரோதான் ஏற்கிறார். பேராசிரியரும் தொழில்துறை வழிகாட்டி ஒருவரும் உடன் இருப்பார்கள். ஏழு வாரத்தில் குறைந்தது 100 பேரிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்பது அங்கே கணக்கு.

தனி ஆளாக 12 வாரத்தில் 30 முதல் 40 உரையாடல்கள் முடியும். எழுதிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் பதில் போட மாட்டார்கள் என்பதால் நாலைந்து மடங்கு பேருக்கு எழுதுங்கள். முதல் இரண்டு வாரம் பட்டியல் போடுவதற்கு. மூன்றிலிருந்து ஒன்பதாம் வாரம் வரை பேச்சு. நடுவில் ஐந்தாம் வாரம் நிறுத்தி, இதுவரை கேட்டதை வைத்துக் கேள்விகளைத் திருத்துங்கள். கடைசி மூன்று வாரம் அறிக்கைக்கு.

எங்கே சொதப்புகிறது என்றால், கேட்கும் விதத்தில். "இப்படி ஒரு சென்சார் வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டால் மரியாதைக்காக எல்லோரும் "ஆமாம்" என்பார்கள். அந்த "ஆமாம்" எதற்கும் உதவாது. நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: "கடைசியாக இந்த அளவீடு தப்பாக வந்தபோது என்ன ஆயிற்று? முதலில் கண்டுபிடித்தது யார்? லைன் எவ்வளவு நேரம் நின்றது? அதற்குப் பிறகு என்ன வாங்கினீர்கள், அந்த ஆர்டரில் கையெழுத்துப் போட்டது யார்?" பயன்படுத்துபவர், பணம் கொடுப்பவர், தடுத்து நிறுத்தக்கூடியவர் ஆகிய மூவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். டெக்னீஷியன் கருவியைப் பாராட்டுவார். தரக்கட்டுப்பாட்டு மேலாளர் "மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். மூன்று பேருக்கும் தனித்தனிப் பத்தி போட்டுக் குறியுங்கள். அவர்கள் சொன்ன சொல் ஒரு பக்கம், உங்கள் ஊகம் மறுபக்கம். அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

காப்புரிமை விண்ணப்பம் இன்னும் போகவில்லை என்றால், பொருள் என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். எப்படிச் செய்கிறது என்பதை வெளியே விடாதீர்கள்.

30 பேரிடம் பேசியும் இது யாருக்கும் அவசரத் தேவை இல்லை என்று தெரிந்தால் அறிக்கையின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள். ஒரு சின்னக் கம்பெனிக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கேள்வி: சேரும் நாளில் மூன்று தாள்களில் கையெழுத்துக் கேட்கிறார்கள். எல்லாம் வழக்கமான படிவம் என்கிறார்கள். படிக்காமல் போடலாமா?

பதில்: போடாதீர்கள். ஒரு வழக்கைச் சொன்னால் காரணம் புரியும். ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், தன் கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகத்துக்கு "ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்" என்று கையெழுத்திட்டிருந்தார். பிறகு டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையைக் கற்றுக்கொள்ள சீட்டஸ் என்ற நிறுவனத்துக்குப் போனபோது, வருகையாளர்களுக்கான ரகசியக் காப்புத் தாளில் கையெழுத்திட்டார். அதில் இருந்த வாசகம் "இதன்மூலம் ஒப்படைக்கிறேன்". முன்னது வருங்கால வாக்குறுதி, பின்னது அப்போதே நடந்த ஒப்படைப்பு. எச்.ஐ.வி. அளவிடும் முறைக்கு ஸ்டான்ஃபோர்டு பின்னர் காப்புரிமை வாங்கியது. சீட்டஸின் பி.சி.ஆர். தொழிலை வாங்கிய ரோஷ் நிறுவனமோ தனக்கும் அதில் உரிமை உண்டு என்றது. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் ஸ்டான்ஃபோர்டு தோற்றது. அரசு நிதியில் நடந்த ஆராய்ச்சி என்பதாலேயே உரிமை தானாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடாது, 1980-இன் பேய்-டோல் சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது தீர்ப்பு.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியவை இவை. கண்டுபிடிப்பு ஒப்படைப்பு எதுவரை நீள்கிறது? "இன்டர்ன்ஷிப் காலத்தில், எனக்குக் கொடுத்த வேலையின் எல்லைக்குள்" என்றால் சரி. "நான் உருவாக்கும் எதுவும்" என்றால் உங்கள் தீசிஸும் அதற்குள் போய்விடும். "முந்தைய கண்டுபிடிப்புகள்" என்ற இணைப்புத் தாளைக் காலியாக விடாதீர்கள். ஏற்கெனவே நீங்கள் செய்தவற்றின் தலைப்பையும் தேதியையும் மட்டும் எழுதுங்கள், உள்விவரம் வேண்டாம். ரகசியக் காப்புக்குக் காலக்கெடு வேண்டும், இரண்டு முதல் ஐந்து வருடம் என்பது பரவலான வழக்கம். பொதுவில் ஏற்கெனவே தெரிந்ததற்கும், உங்களுக்கு முன்பே தெரிந்ததற்கும் விலக்கு எழுதியிருக்க வேண்டும். கட்டுரை வெளியிடுவதை அதிகபட்சம் 60 அல்லது 90 நாள்தான் தள்ளிவைக்கலாம் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் தீசிஸின் ஓர் அத்தியாயமே முடங்கிப் போகலாம்.

கையெழுத்துக்கு முன் தாள்களை, கண்டுபிடிப்புகளின் காப்புரிமையையும் உரிமத்தையும் கவனிக்கும் பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அங்கே இருப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் நலனைப் பார்ப்பவர்கள், உங்கள் வக்கீல் அல்ல. மாணவர் சட்ட உதவி மையம் இருந்தால் அங்கேயும் ஒரு முறை காட்டுங்கள்.

கேள்வி: மூன்று வாரத்தில் மாநாட்டில் போஸ்டர். கம்பெனி இன்னும் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. போஸ்டரை நிறுத்த வேண்டுமா?

பதில்: மூன்று வாரம் பெரும்பாலும் போதும், ஆனால் இன்றே தொடங்க வேண்டும். முதலில் மாநாட்டின் சுருக்கக் குறிப்பு இணையத்தில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். பல மாநாடுகளில் அது போஸ்டருக்கு முன்பே வந்துவிடும், வெளியீட்டுத் தேதி அதுதான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கண்டுபிடிப்பாளரே வெளியிட்ட பிறகு காப்புரிமைக்கு விண்ணப்பிக்க 12 மாத அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அப்படிப் பொது அவகாசம் கிடையாது. வெளியான மறுநாளே காப்புரிமை வாய்ப்புப் போய்விடும். நூலகத்தில் வைத்த தீசிஸும் வெளியீடுதான். அதனால் தீசிஸைக் குறிப்பிட்ட காலம் மூடி வைக்க முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவத்தை நிரப்பி இந்த வாரமே தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் கொடுங்கள். அமெரிக்காவில் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டால் 12 மாதம் கிடைக்கும். அதற்குள் பி.சி.டி. என்ற சர்வதேச விண்ணப்பம் போட வேண்டும். முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து கணக்கிட்டு, பெரும்பாலான நாடுகளில் 30 மாதத்துக்குள் அந்தந்த நாட்டில் தனித்தனியாக விண்ணப்பத்தைத் தொடரலாம். அவசரத்தில் போஸ்டரையே தாளில் ஒட்டி அனுப்புவது பெரிய தவறு. விண்ணப்பத்தில் விவரிக்காத எதற்கும் அந்தத் தேதி பாதுகாப்புத் தராது. செய்முறை, வெப்பநிலை வரம்பு, கலவை வரம்பு, மாற்றுப் பொருள்கள் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும்.

இன்னொன்று: கட்டுரையில் பெயர் இருப்பவர் எல்லோரும் கண்டுபிடிப்பாளர் அல்ல. காப்புரிமைக் கோரிக்கையில் உள்ள கருத்தை உருவாக்கியவர் மட்டுமே கண்டுபிடிப்பாளர். மரியாதைக்குப் பெயர் சேர்ப்பதும், உண்மையில் யோசித்த மாணவர் பெயரை விடுவதும் காப்புரிமையையே செல்லாததாக்கக்கூடும்.

கேள்வி: சம்பளத்துக்குப் பதில் 0.5 சதவீதம் பங்கு தருகிறார்களாம். வாங்கலாமா?

பதில்: எதில் 0.5 சதவீதம்? ஒதுக்கி வைத்த பங்குகளையும் சேர்த்து மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். பரவலான ஏற்பாட்டில் பங்கு நான்கு வருடத்தில் படிப்படியாகக் கைக்கு வரும், முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் வராது. மூன்று மாத இன்டர்னுக்கு அந்த ஏற்பாட்டில் கிடைப்பது பூஜ்யம். ஆகவே காலத்துக்கேற்ப உதவித்தொகையைப் பணமாகக் கேளுங்கள். பங்கு கொடுத்தால் அதற்கு மேல் வரட்டும்.

கேள்வி: நான் கம்பெனி நிறுவனர். எங்கள் கண்ணாடிப் பூச்சு பழைய மாணவர் செய்தால் நன்றாக வருகிறது. புது இன்டர்ன் அதே செய்முறையில் செய்தால் பாதி சாம்பிள் விரிசல் விடுகிறது. இன்டர்ன் சரியில்லையா?

பதில்: செய்முறைத் தாள் முழுமையாக இல்லை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். சோல்-ஜெல் வகைப் பூச்சு (கரைசலில் கண்ணாடியை முக்கி எடுத்து, காயவைத்துச் சூடேற்றுவது) என்றால் சந்தேகப்பட வேண்டியவை: அறையின் ஈரப்பதம், கரைசல் கலந்த பிறகு காத்திருந்த நேரம், மூலப்பொருள் பாட்டிலைத் திறந்த தேதி, கண்ணாடியைச் சுத்தம் செய்ததற்கும் கரைசலில் முக்கியதற்கும் நடுவில் கழிந்த நேரம், வெளியே இழுக்கும் வேகம், அடுப்பு சூடேறும் வேகம். வேகமாக இழுத்தால் பூச்சு தடிக்கும், ஓர் அளவைத் தாண்டித் தடித்தால் காயும்போது விரியும். அடுப்பின் திரையில் காட்டும் வெப்பநிலையும் தட்டில் இருக்கும் வெப்பநிலையும் ஒன்றல்ல. தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பியை) சாம்பிள் வைக்கும் இடத்திலேயே வைத்துப் பாருங்கள்.

பழைய மாணவரை ஒரு நாள் வரவழையுங்கள். அவர் செய்வதை இன்டர்ன் வீடியோ எடுக்கட்டும். அடுத்து, அவருடைய கரைசலை வைத்து இன்டர்ன் செய்யட்டும், இன்டர்னின் கரைசலை வைத்து அவர் செய்யட்டும். கோளாறு கரைசலோடு போகிறதா, கையோடு போகிறதா என்று தெரிந்துவிடும். வீடியோவில் பெரும்பாலும் தாளில் இல்லாத ஒரு செயல் அகப்படும்: கடைசிச் சொட்டை டிஷ்யூவில் ஒற்றி எடுப்பது, மூடியைப் பாதி திறந்து உலர விடுவது போல. அதை எண்ணோடு தாளில் ஏற்றுங்கள்.

பிறகு மூன்று வெவ்வேறு நாளில் மூன்று பேட்ச், யாரிடமும் போனில் கேட்காமல், தாளை மட்டும் பார்த்து. கெட்டுப்போன சாம்பிள்களையும் சேர்த்தே கணக்கில் எழுத வேண்டும். கட்டுரையில் போட்ட படம் சிறந்த சாம்பிளுடையது, வாடிக்கையாளர் வாங்கப்போவது சராசரி சாம்பிளை. நாசா வகுத்த ஒன்பது படித் தொழில்நுட்ப முதிர்ச்சி அளவுகோலில் ஆய்வகத்துக்குள் நிரூபித்தது மூன்று அல்லது நான்காம் படி. அதை நிதி விண்ணப்பத்தில் ஆறு என்று எழுத வேண்டாம்.

கேள்வி: ப்ரோட்டோடைப் மென்பொருளில் இணையத்தில் கிடைத்த நிரல் கோடைப் பயன்படுத்தியிருக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: எம்.ஐ.டி., அப்பாச்சி என்ற திறந்த மூல உரிமங்கள் உள்ளவை என்றால் உரிமக் குறிப்பை வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம். ஜி.பி.எல். கோடைக் கலந்து மென்பொருளை வெளியே கொடுத்தால், பெறுபவர்களுக்கு மூலக் கோடையும் அதே உரிமத்தில் தர வேண்டும். ஏ.ஜி.பி.எல். என்றால், மாற்றியமைத்து இணையச் சேவையாக நடத்தினாலே அந்தக் கடமை வரும். உரிமமே எழுதாத கோடு இலவசம் அல்ல, அனுமதி இல்லை என்று பொருள். முதல் நாளிலிருந்தே பெயர், பதிப்பு, உரிமம் என்று பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். தரவுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும்: ஆராய்ச்சிக்கு என்று நோயாளிகள் கொடுத்த சம்மதம் வியாபாரத்துக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு மாணவன் நான். சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கும் விசா அனுமதி வேண்டுமா?

பதில்: பல இடங்களில் வேண்டும். சம்பளம் இல்லை என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர், படிப்போடு இணைந்த பயிற்சிக்கான சி.பி.டி. அனுமதியில் முழுநேரமாக 12 மாதம் வேலை செய்துவிட்டால், அந்தப் பட்ட நிலைக்கான ஓ.பி.டி. (படித்த துறையில் வேலை செய்யத் தரும் அனுமதி) வாய்ப்பு போய்விடும். சேரும் தேதியை ஒப்புக்கொள்வதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது. பயோடேட்டாவில் என்ன எழுதுவது?

பதில்: கடைசி வாரத்திலேயே மூன்று வரி எழுதி, பொறுப்பாளரிடம் மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். "மருத்துவக் கருவி ஸ்டார்ட்அப் ஒன்றில் 12 வாரம், 34 பயனர் நேர்காணல்கள், விலை மாதிரி தயாரித்தேன்" என்ற அளவில் இருக்கட்டும். பொருளின் பெயர், வாடிக்கையாளர் பெயர், சோதனை எண்கள் வேண்டாம். அதே மின்னஞ்சலில், நீங்கள் திருப்பிக் கொடுத்த நோட்டு, லேப்டாப், சாம்பிள்களின் பட்டியலையும் சேர்த்து, பெற்றுக்கொண்டதாகப் பதில் போடச் சொல்லுங்கள்.