அம்மன் காசு இருக்க வேண்டிய இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பிள்ளைகளுடன் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தோம். பாடம் செய்த விலங்குகள், பாறைகள், ஆயுதங்கள், செப்புத் திருமேனிகள் என எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம். இவற்றில் சிறந்தவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசென்றால் இன்னும் பலர் பார்ப்பார்களே?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

1910-ல் அந்த அருங்காட்சியகம் தொடங்கப்பட்டபோது புதுக்கோட்டை, தொண்டைமான்கள் ஆண்ட தனி சமஸ்தானம். ஒரு சிறிய அரசு தன்னிடம் இருப்பதையெல்லாம் ஓரிடத்தில் வைத்துக் காட்ட விரும்பியதால் வந்த கலவை அது. எனக்கு அந்தக் கலவை பிடிக்கும்.

நாணயங்களிடையே அம்மன் காசைக் கவனித்தீர்களா? சட்டைப் பொத்தான் அளவே உள்ள செப்புக்காசு. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல். இங்கே தெலுங்கு எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்டிருந்தால், நாயக்கர் காலத்துக்குப் பிறகும் தென்னாட்டு அரசவைகளில் அம்மொழிக்கு நீடித்த செல்வாக்கை நீங்கள் விளக்கியிருக்கலாம். இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா, 320 சேர்ந்தால் ஒரு ரூபாய். இவ்வளவு சிறிய மதிப்புள்ள காசை ஓர் அரசு ஏன் அச்சிட்டது என்பதற்கு விடை நவராத்திரியில் இருக்கிறது: அரண்மனையில் மக்களுக்கு அரிசி அளந்து கொடுக்கும்போது கூடவே இந்தக் காசையும் கொடுத்தார்கள். கையால் அடித்த பழைய காசுகளில் உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்து வந்தவை ஒரே சீராக இருக்கும்.

எழும்பூரில் இது ஆயிரக்கணக்கான நாணயங்களில் ஒன்றாகிவிடும். புதுக்கோட்டை அருங்காட்சியகம் இருக்கும் திருக்கோகர்ணத்தில் அப்படி அல்ல. காசில் உள்ள பிரகதாம்பாள், தொண்டைமான்கள் தங்களை ‘பிரகதாம்பாள் தாஸ்’ என்று அழைத்துக்கொள்ளக் காரணமான அதே அம்மன், அந்த ஊரிலேயே கோயில்கொண்டிருக்கிறாள். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. அரசும் போயிற்று, காசும் செல்லாததாயிற்று, கோயிலில் வழிபாடு மட்டும் தொடர்கிறது. இந்த மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் நடந்தே உணர முடிகிற வாய்ப்பைச் சென்னையின் எந்தக் கண்ணாடிப் பேழையும் தராது.

அடுத்த முறை முதலில் கோயிலுக்குச் சென்றுவிட்டு அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். அம்மனுக்கு உகந்த நாள் என்று வெள்ளிக்கிழமையைத் தேர்ந்துவிடாதீர்கள். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.