பலகையில் நிற்பவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

திருப்பாலைக்குடியில் வசிக்கிறேன். இராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. காலையில் பேருந்து ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவேன். கணவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். மகன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்த அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எட்டு மாதப் பயிற்சிக்குப் பிறகு இப்போது சுவரைப் பிடித்தபடி வாசல்வரை நடக்கிறார். தம்பி குடும்பத்தோடு அடுத்த தெருவில் இருக்கிறான்.

அன்றாடப் பயிற்சியும் விடாமுயற்சியும் இருந்தால் வாழ்க்கையில் சமநிலை கூடும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, விடியற்காலையில் கடற்கரையில் அரை மணி நேரம் நடப்பது, பிறகு பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தேன். ஒரு மண்டலம், அதாவது 48 நாள்கள், இடைவிடாமல் செய்ய வேண்டும் என்பது என் கணக்கு. ஆறு மாதங்களில் நான்கு முறை தொடங்கினேன். 11, 17, 9, 23 நாள்களில் நான்கு முறையும் அறுந்துபோனது. அம்மாவுக்குக் காய்ச்சல், மகனுக்குத் தேர்வு, அலுவலகத்தில் தணிக்கை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவதற்கே அவமானமாக இருக்கிறது. எனக்கு மனவலிமை இல்லையா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நான்கு எண்களையும் கூட்டிப் பார்த்தேன், 60 வருகிறது. பேருந்து நேரத்தையும் அம்மாவின் மருந்து நேரத்தையும் மகனின் பாடங்களையும் சுமந்துகொண்டு ஆறு மாதங்களில் 60 விடியல்களில் கரைக்கு இறங்கிய ஒருவர், தமக்கு மனவலிமை இல்லையா என்று கேட்கிறார். கணக்கு எழுதிய முறையில்தான் பிழை இருக்கிறது. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு, ஏனெனில் விடாமுயற்சி என்ற சொல்லை விளக்காமலே எழுதிவிட்டேன். விடாமல் இருப்பது வேறு, இடைவிடாமல் இருப்பது வேறு. கைவிடாத முயற்சிக்குத்தான் தமிழில் விடாமுயற்சி என்று பெயர். நடுவில் ஒரு நாளும் இடைவெளி விழக்கூடாது என்ற நிபந்தனை அந்தச் சொல்லுக்குள் இல்லை.

மண்டலக் கணக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. விரதத்துக்கும் சித்த மருத்துவத்தில் மருந்துக்கும் அந்த வரையறை உண்டு. அவற்றுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வேண்டும். நீங்கள் பழக நினைப்பதோ ஆயுள் முழுவதும் உடன் வரவேண்டிய ஒன்று.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து, 2010ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் தாமே தேர்ந்துகொண்ட ஒரு சிறு செயலை நாள்தோறும் ஒரே தருணத்தோடு சேர்த்துச் செய்தார்கள். அது யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆனால் 18 நாள்களில் கைவந்தவரும் உண்டு, 254 நாள்கள் ஆகும் என்று கணக்கிடப்பட்டவரும் உண்டு. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. வாரக்கணக்கான இடைவெளிக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் கடிதத்தில் நான் கவலையோடு பார்ப்பதும் அந்த நீண்ட இடைவெளிகளைத்தான். ஆறு மாதங்கள் என்றால் ஏறக்குறைய 180 நாள்கள். 60 நாள்கள் நடந்திருக்கிறீர்கள். மீதி 120 நாள்கள் எங்கே போயின? காய்ச்சல் சில நாள்களில் தணிந்திருக்கும், தேர்வும் தணிக்கையும் இரண்டு வாரங்களைத் தாண்டியிருக்காது. எஞ்சிய நாள்களை எடுத்துக்கொண்டது, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமே என்ற அவமானம்தான் என்று தோன்றுகிறது.

நான் தொண்டிக்கு அருகே பிறந்தவன். எங்கள் பகுதியில் பாய்மரப் படகுப் போட்டிகள் இன்றும் நடக்கின்றன. நீங்களும் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். பாய் விரித்த வத்தை என்ற நாட்டுப்படகில் காற்று அடிக்கும் பக்கமாகக் குறுக்கே ஒரு நீளமான பலகையை வெளியே நீட்டியிருப்பார்கள். காற்று பாயை அழுத்திப் படகைச் சாய்க்கும்போது, ஆட்கள் அந்தப் பலகையில் ஏறி, கயிற்றைப் பிடித்தபடி கடலுக்கு மேலாக வெளியே நகர்வார்கள். காற்று தளர்ந்தால் உடனே உள்ளே வர வேண்டும், வராவிட்டால் படகு அவர்கள் பக்கமே கவிழும். படகு திசை மாறிப் பாய் மறுபக்கம் போனால், பலகையையும் மறுபக்கம் மாற்ற வேண்டும். பதினைந்து வயதில் முதன்முதலாக அதில் ஏறியபோது, சரியான இடம் என்று ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடித்து நின்றுகொண்டால் போதும் என்று நினைத்தேன். கரை திரும்புவதற்குள் மூன்று முறை தண்ணீரில் விழுந்தேன். சுக்கான் பிடித்திருந்த பெரியவர் என்னைத் திட்டவில்லை. பலகையைப் பார்க்காதே, பாயைப் பார் என்று மட்டும் சொன்னார். பாயின் விளிம்பு துடிப்பதைக் கண்டதும் கால் தானாக நகர்வதற்கு எனக்கு இரண்டு பருவங்கள் பிடித்தன. சமநிலை என்ற சொல்லை எப்போது எழுதினாலும் என் மனத்தில் வருவது அந்த நகர்வுதான்.

தரையிலும் அப்படித்தான். நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடல் மெல்ல ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. உட்செவியும் கண்ணும் பாதங்களும் மூட்டுகளும் அனுப்பும் செய்திகளை மூளை ஓயாமல் சேர்த்துப் பார்த்து, தசைகளைச் சிறிது சிறிதாக இழுத்தும் தளர்த்தியும் நம்மை நிறுத்திவைக்கிறது. பக்கவாதத்தில் அந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, சேதமடையாத பகுதிகள் அந்த வேலையை ஓரளவேனும் ஏற்றுக்கொள்ளப் பழகுகின்றன. இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் நீங்கள். அந்த எட்டு மாதங்களில் அம்மா எழ முடியாமல் படுத்திருந்த நாள்கள் இருந்திருக்கும். மறுநாள் அவரிடம், நேற்று தவறிவிட்டீர்கள், இனி ஒன்றிலிருந்து எண்ணுங்கள் என்று சொன்னீர்களா? கையைக் கொடுத்து எழுப்பியிருப்பீர்கள். அந்தக் கையை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ள ஏன் மறுக்கிறீர்கள்?

எனவே எண்ணுவதை நிறுத்த வேண்டாம், ஒன்றுக்குத் திரும்ப வேண்டாம். அடுத்து நடக்கப்போகும் நாள் உங்களுக்கு 61ஆவது நாள்.

நெருக்கடியான நாள்களுக்கென்று பயிற்சியின் சிறிய வடிவம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாள்களில் வலை பொத்துவார்கள், அடிப்பலகையைச் செப்பனிட்டு வர்ணம் பூசுவார்கள், இயந்திரத்தைப் பிரித்துச் சரிபார்ப்பார்கள். தொழிலை விட்டுவிட்டதாக அவர்களும் நினைப்பதில்லை, ஊரும் நினைப்பதில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் அடிக்கும் நாளில் கரைவரை போக முடியாது. அவருக்குக் கஞ்சி வைக்கும்போது, அடுப்பங்கரையில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார முடியும். அதையும் எண்ணிக்கையில் சேருங்கள். வாடைக்காற்றில் பாக் நீரிணை கொந்தளிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அரை மணி நேர நடை கால் மணி நேரமாகக் குறைந்தாலும் குற்றமில்லை.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறர் குடும்பத்துக்குள் நுழைவதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், குறையாகக்கூடச் சொல்லவில்லை. பலகையில் ஓர் ஆளை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும் வத்தை எந்தப் பயிற்சியாலும் நிமிராது. உங்கள் விடியல்கள் அறுந்ததற்கு உங்கள் மனத்தைக் காரணம் காட்டுவது அநியாயம் என்றே கருதுகிறேன். பாக் நீரிணையில் விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் இடையே மோதல்கள் நடந்த பிறகு, வாரத்தில் மூன்று நாள்கள் விசைப்படகுகளுக்கு, நான்கு நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். சரிபாதி இல்லை, மீறல்களும் உண்டு. ஆனாலும் பேசி வைத்த ஒரு முறை இருப்பதால்தான் இருவரும் தொழில் செய்ய முடிகிறது. நீங்களும் தம்பியிடம் பேசுங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் மூன்று விடியல்கள் அவருக்கு, நான்கு உங்களுக்கு என்று கேளுங்கள். கேட்காமலே புரிந்துகொள்ள வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதல் வாரத்தில் அவர் தடுமாறுவார். அம்மாவை எந்தப் பக்கம் நின்று பிடிப்பது என்று தெரியாமல், நல்ல கையைப் பற்றிக்கொண்டு இழுப்பார். பலமில்லாத பக்கமாக நிற்க வேண்டும், இழுக்கக் கூடாது, அம்மாவின் கால் எழும் வேகத்துக்குத்தான் தம் காலை எடுத்துவைக்க வேண்டும் என்று ஒரு நாள் கூடவே இருந்து காட்டிக்கொடுங்கள். மறுநாள் அவரிடம் விட்டுவிட்டுக் கரைக்குப் போங்கள்.

அன்புடன்.